கோலிஸ்டின் டிஸ்கில் 13 மிமீ ஜோன்: எஸ் என்று எழுதலாமா?

பெட்ரிதட்டு:
ஐசியு ரத்தக் கல்ச்சரில் கிளெப்சியெல்லா நிமோனியே வளர்ந்திருக்கிறது. மெரோபெனெம், அமிகாசின் இரண்டும் ஆர் (ரெசிஸ்டன்ட், மருந்து கேட்காது). கோலிஸ்டின் 10 மைக்ரோகிராம் டிஸ்கைச் சுற்றி 13 மிமீ ஜோன் (கிருமி வளராத வட்டம்). சுவரில் தொங்கும் பழைய சார்ட்படி 11-க்கு மேல் எஸ் (சென்சிட்டிவ், மருந்து கேட்கும்). டாக்டர் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறார். அப்படியே கொடுக்கலாமா? அதே நோயாளியின் இன்னொரு பாட்டிலில் கேண்டிடா என்ற ஈஸ்டும் இருக்கிறது. அதற்கான ஃப்ளுகோனசோல் மருந்து ஜோனின் விளிம்பு மங்கலாக இருப்பதால் எங்கே அளப்பது என்று தெரியவில்லை.

அகார்_அக்கா:
கொடுக்காதீர்கள். கோலிஸ்டின் பெரிய மூலக்கூறு, அகாருக்குள் சரியாகப் பரவாது. ரெசிஸ்டன்ட் கிருமிக்கும் சென்சிட்டிவ் கிருமிக்கும் ஜோனில் ஓரிரு மிமீதான் வித்தியாசம் வரும். அந்த 11 மிமீ கணக்குகூட சூடோமோனாஸுக்கு வைத்தது, அதையும் நீக்கிவிட்டார்கள். சார்ட்டைக் கழற்றிவிடுங்கள். ஈ-ஸ்ட்ரிப்பும் (மருந்து தடவிய பட்டை) இதே காரணத்தால் நம்பகமில்லை.

ப்ராத் மைக்ரோடைல்யூஷன் (மருந்தைப் பல செறிவுகளில் திரவ ஊடகத்தில் கலந்து சோதிப்பது) வசதி இல்லையென்றால் அதே டிஸ்கை வைத்து எலூஷன் (டிஸ்கிலிருந்து மருந்தைத் திரவத்தில் இறக்குவது) செய்யலாம். மூடியுள்ள 4 கண்ணாடிக் குழாய்களில் கேட்டயான் சரிசெய்த முல்லர்-ஹின்டன் ப்ராத் 10 மிலி வீதம் எடுத்து, முறையே 0, 1, 2, 4 டிஸ்க் போடுங்கள். மிலிக்கு 0, 1, 2, 4 மைக்ரோகிராம் ஆகிவிடும். மருந்து இறங்க அறை வெப்பத்தில் 30 நிமிடம் விடுங்கள். பிறகு 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கல் அளவுள்ள கிருமிக் கலவையில் 50 மைக்ரோலிட்டர் ஒவ்வொன்றிலும் சேர்த்து மெதுவாகக் கலக்கி, 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம். கலங்காமல் தெளிவாக இருக்கும் குழாய்களில் மிகக் குறைந்த அளவு எதுவோ அதுதான் எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு).

பெரும்பாலும் தப்பு நடப்பது அந்த 10 மிலியில்தான். ஆட்டோகிளேவில் ஆவியாகி 9 மிலி ஆனால் மருந்தின் செறிவு ஏறி, ரெசிஸ்டன்ட் கிருமியும் எஸ் பக்கம் சாய்ந்துவிடும். ஸ்டெரைல் செய்த பிறகு அளந்து ஊற்றுங்கள். 0 குழாய் கலங்கவில்லையென்றால் அந்த ரன்னே செல்லாது. 1-இல் தெளிவு, 2-இல் கலங்கல் என்று வந்தாலும் கல்ச்சர் கலப்படமா என்று பார்த்துத் திரும்பப் போடுங்கள்.

கண்ட்ரோலுக்கு ஏடிசிசி 25922 (ஈ. கோலி தரக் கிருமி) மட்டும் போதாது, அது எப்போதும் சென்சிட்டிவ் பக்கம்தான். கோலிஸ்டின் ரெசிஸ்டன்ஸ் தரும் எம்சிஆர்-1 ஜீன் உள்ள ஈ. கோலி என்சிடிசி 13846-ஐயும் சேர்த்துப் போட்டால்தான் டெஸ்ட் ரெசிஸ்டன்ஸைப் பிடிக்கிறதா என்று தெரியும்.

ரிப்போர்ட் எழுதும்போது ஒன்று: 2020 முதல் சிஎல்எஸ்ஐயில் (அமெரிக்க ஆய்வகத் தர அமைப்பு) கோலிஸ்டினுக்கு எஸ் என்ற பிரிவே இல்லை. எம்ஐசி 2 வரை இன்டர்மீடியட் (இடைநிலை), 4-இலிருந்து ஆர்.

பெட்ரிதட்டு:
நன்றி அக்கா. அசினெட்டோபாக்டருக்கும் இதே முறை போதுமா?

அகார்_அக்கா:
போதாது. எலூஷன் என்டரோபாக்டரேல்ஸுக்கும் (கிளெப்சியெல்லா, ஈ. கோலி போன்றவை) சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்கும் மட்டும். அசினெட்டோபாக்டருக்கு மைக்ரோடைல்யூஷன்தான், அதுவும் கோலிஸ்டின் சல்ஃபேட் பவுடரில். ஊசி மருந்தான மெத்தேன்சல்ஃபோனேட்டைக் கரைத்துப் போட்டால் அது ப்ராத்திலேயே மெல்ல மெல்லக் கோலிஸ்டினாக மாறும், எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. புரோட்டியஸ், செராஷியா, மார்கனெல்லா இயல்பிலேயே ரெசிஸ்டன்ட். அவற்றுக்கு டிஸ்க் போடுவது வெறும் பழக்கதோஷம்.

ஈஸ்ட்_பிரியன்:
கேண்டிடா பக்கம் வருகிறேன். சாதாரண முல்லர்-ஹின்டன் தட்டிலா போட்டீர்கள்? 2% குளுக்கோஸும் மிலிக்கு 0.5 மைக்ரோகிராம் மெத்திலீன் புளூவும் சேர்ந்த தட்டு வேண்டும். குளுக்கோஸ் இல்லாமல் ஈஸ்ட் சோர்ந்து வளரும், நீலம் இல்லாமல் விளிம்பு மங்கும். 25 மைக்ரோகிராம் டிஸ்க் வைத்து 20 முதல் 24 மணி நேரத்தில் படியுங்கள். வளர்ச்சி திடீரென்று குறையும் கோட்டில் அளக்க வேண்டும். அதற்கு உள்ளே தெரியும் பொடிக் காலனிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஃப்ளுகோனசோல் போன்ற அசோல் மருந்து ஈஸ்டைக் கொல்வதில்லை, அடக்கி வைக்கிறது, அதனால்தான் அந்த வால். கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்றால் 17 மிமீ முதல் எஸ், 13-உம் அதற்குக் கீழும் ஆர்.

ஆனால் ஜோனை அளப்பதற்கு முன் இனத்தை உறுதிசெய்யுங்கள். கேண்டிடா க்ரூசேய் என்றால் ஜோன் எவ்வளவு இருந்தாலும் ஃப்ளுகோனசோல் ஆர். வைடெக் (கிருமியை அடையாளம் காணும் கருவி) 'ஹீமுலோனியை' என்று சொன்னால் கேண்டிடா ஆரிஸாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மால்டி-டாஃபில் (புரத அளவீட்டால் இனம் காணும் கருவி) பார்க்க அனுப்புங்கள். அதுவரை ஒரு தட்டை 42 டிகிரியில் வையுங்கள், வளர்ந்தால் ஆரிஸ் சந்தேகம் வலுக்கும். ஆரிஸுக்கு டிஸ்க் பிரேக்பாயின்ட் (எஸ், ஆர் பிரிக்கும் எல்லை) கிடையாது, ஃப்ளுகோனசோலும் பெரும்பாலும் எடுபடாது. மால்டி முடிவு வரும் வரை நிற்காமல் வார்டுக்கு இன்றே போனில் சொல்லிவிடுங்கள். எக்கினோகேண்டின் வகைப் பூஞ்சை எதிர்ப்பு மருந்து தொடங்குவதையும் நோயாளியைத் தனிமைப்படுத்துவதையும் அவர்கள் முடிவுசெய்ய வேண்டும்.