அப்பாருக்குப் பக்கவாதம், வழி சொல்லுங்க

வணக்கமுங்க. கோபிப் பக்கம் கிராமம். அப்பாருக்கு 72 வயது. மூன்று வாரம் முன்பு விடியற்காலையில் பால் கறக்கப் போனவர், வலது கையும் காலும் விழுந்து கட்டுத்தறியிலேயே சாய்ந்துவிட்டார். மூளையின் இடப்பக்க ரத்தக்குழாயில் அடைப்பு, அதனால்தான் வலப்பக்கமும் பேச்சும் போயிற்று என்றார் மருத்துவர். அடைப்பைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். வாயுப் பிடிப்பு என்று எண்ணெய் தேய்த்தே அந்த நேரத்தை விட்டுவிட்டோம். இன்னும் மனது ஆறவில்லை.

இப்போது காலை ஊன்றுகிறார், கை அசையவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் வராமல் கண் கலங்குகிறார்.

வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி தருபவர்கள் கோபி, சத்தி, ஈரோடு பக்கம் இருக்கிறார்களா? உங்கள் வீட்டில் கை திரும்ப எத்தனை மாதம் ஆச்சு? அப்புறம், தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?