உதவிக் கடிதத்தின் கடைசி வரியில் பூஜ்யம்: அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகச் செலவு குறித்த அனுபவங்கள்

மாணவியின் தாய், நியூ ஜெர்சி:

நண்பர்களுக்கு வணக்கம். வடகிழக்கு மாநிலம் ஒன்றிலுள்ள தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து 2025 மார்ச்சில் என் மகளுக்கு வந்த நிதியுதவிக் கடிதத்தின் கடைசி வரியில், குடும்பம் செலுத்த வேண்டிய மீதத் தொகை 0 டாலர் என்று இருந்தது. கணவரும் நானும் வாங்கும் சம்பளத்துக்கு இப்படி ஒரு வரி வர வாய்ப்பே இல்லை என்பதால், மகிழ்ச்சிக்கு முன்பே சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தை நாங்கள் எப்படிப் படித்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன். வேறு விதமான அனுபவம் உள்ளவர்களும் எழுதினால், அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும்.

கடிதத்தின் மேற்பகுதியில் கல்விக் கட்டணம் 64,800 டாலர், விடுதியும் உணவும் 18,600 டாலர், ஆக மொத்தம் 83,400 டாலர் என்று குறித்திருந்தார்கள். அதன் கீழே, "உங்கள் நிதியுதவி" என்ற ஒரே தலைப்பில், ஐந்து தொகைகள் அடுத்தடுத்து இருந்தன: மதிப்பெண் அடிப்படையிலான பல்கலைக்கழக உதவித்தொகை 26,000, குடும்பத் தேவையின் அடிப்படையிலான மானியம் 9,500, மகளின் பெயரில் மத்திய அரசுக் கடன் 5,500, வளாகத்தில் பகுதிநேர வேலை 2,800, பெற்றோர் பெயரில் எடுக்கும் மத்திய அரசின் பேரண்ட் பிளஸ் கடன் 39,600. ஐந்தையும் கூட்டினால் சரியாக 83,400 வருகிறது. பூஜ்யம் வந்த வழி இதுதான்.

கணவர் ஒரு காகிதத்தை எடுத்து நடுவே கோடு கிழித்து, திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத பணத்தை இடப்பக்கமும் மற்றதையெல்லாம் வலப்பக்கமும் எழுதினார். இடப்பக்கத்தில் உதவித்தொகையும் மானியமும் மட்டுமே நின்றன. இரண்டும் சேர்ந்து 35,500 டாலர். அதாவது, முதலாண்டில் எங்கள் கையிலிருந்தோ எதிர்கால வருமானத்திலிருந்தோ போகப்போவது 47,900 டாலர். புத்தகம், பயணம், கைச்செலவு ஆகியவற்றுக்கு 3,900 டாலர் ஆகும் என்று அதே பல்கலைக்கழகம் தன் இணையப் பக்கத்தில் மதிப்பிட்டிருந்தது. கடிதத்தில் அது இடம்பெறவில்லை. அதையும் சேர்த்தால் 51,800. மாணவர் மருத்துவக் காப்பீட்டுக்கான சில ஆயிரம் டாலரும் பில்லில் தானாகவே ஏறிவிடும் என்றாலும், பெற்றோரின் அலுவலகக் காப்பீடு போதுமானதாக இருந்தால், குறித்த தேதிக்குள் விலக்கு கேட்டு அதை நீக்கிவிடலாம்.

வளாக வேலைக்கான 2,800 டாலரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது பில்லில் கழிக்கப்படும் தொகை அன்று. மாணவி வேலை ஒன்றைத் தேடிப் பிடித்து, மணிக்கணக்கில் உழைத்து, சம்பளமாக வாங்க வேண்டிய பணம் அது. ஆகஸ்டில் கட்ட வேண்டிய கட்டணத்துக்கு உதவாது.

பேரண்ட் பிளஸ் கடனுக்கு 2025-26 கல்வியாண்டில் வட்டி 8.94 விழுக்காடு. அதுவுமன்றி, கடன் தரும்போதே 4.228 விழுக்காடு கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். 39,600 டாலருக்கு அது ஏறத்தாழ 1,674 டாலர். பெற்றோரின் கடன் தகுதிகூட அப்போது சோதிக்கப்படவில்லை. வாங்கவும் இல்லாத ஒரு கடனைத் தங்கள் உதவியாகக் கணக்கில் காட்டியது எங்களுக்கு முறையாகப் படவில்லை. இது அந்த ஒரு பல்கலைக்கழகத்தின் வழக்கம் மட்டுமன்று என்பது பிறகு தெரிந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் ஜிஏஓ அமைப்பு 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏறத்தாழ 91 விழுக்காடு கல்லூரிகள் உண்மையான நிகரச் செலவை, அதாவது உதவித்தொகையும் மானியமும் போகக் குடும்பம் ஏற்க வேண்டிய தொகையை, தம் கடிதங்களில் குறிப்பிடுவதே இல்லை, அல்லது குறைத்துக் காட்டுகின்றன.

அடுத்து நான்கு ஆண்டுக் கணக்கு. உதவித்தொகை ஆண்டுதோறும் அதே 26,000தான், கட்டணம் ஏறினாலும் அது ஏறாது என்று நிதியுதவி அலுவலகத்தில் தொலைபேசியில் தெளிவாகச் சொன்னார்கள். விலைவாசி ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வதாக வைத்துக்கொண்டு பார்த்தால், முதலாண்டின் 83,400 நான்காம் ஆண்டில் ஏறக்குறைய 93,800 ஆகிறது. மானியமும் மாறாமல் கிடைத்தாலும்கூட, புத்தகச் செலவு நீங்கலாக நான்கு ஆண்டுகளில் எங்கள் பங்கு சுமார் 2,12,000 டாலர். உதவித்தொகை தொடர வேண்டுமானால் ஜிபிஏ எனப்படும் மதிப்பெண் சராசரி (4.0 அளவில்) 3.2க்குக் குறையக் கூடாது என்றும், மானியத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்றும் கடிதத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைக்கு 3.2 என்பது எளிதான எல்லை அன்று.

விண்ணப்பிக்கும் முன்பே நிகரச் செலவை முன்கூட்டியே மதிப்பிடும் பல்கலைக்கழகத்தின் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் எங்கள் வருமானத்தையும் சேமிப்பையும் போட்டுப் பார்த்திருந்தோம். 2008ஆம் ஆண்டின் உயர்கல்வி வாய்ப்புச் சட்டத்தின்படி, 2011 அக்டோபர் முதல் கல்லூரிகள் இந்தக் கணிப்பானைத் தம் தளத்தில் வைத்தாக வேண்டும். அது காட்டிய நிகரச் செலவுக்கும், இடப்பக்கத் தொகையைக் கழித்து நாங்கள் கண்ட மீதத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கடிதத்தின் பூஜ்யத்தைக் காட்டிலும் அந்த எண்தான் உண்மைக்கு அருகில் இருந்தது.

மாணவரின் தந்தை, டெக்சஸ்:

வணக்கம் சகோதரி. உங்கள் கணக்கு எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு படி கீழிருந்து தொடங்குகிறது. நான் எச்-1பி என்னும் வேலை விசாவிலும், மூத்த மகன் அதைச் சார்ந்த குடும்பத்தினருக்கான எச்-4 விசாவிலும் இருக்கிறோம். கிரீன் கார்டு வரிசையில் பல்லாண்டுகளாகக் காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இந்த நிலையில்தான் இருக்கின்றன. எச்-4 மாணவருக்கு ஃபாஃப்சா என்னும் மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பப் படிவம் வழியே வரும், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெல் மானியமும் கிடையாது, மத்திய அரசுக் கடனும் கிடையாது, வளாக வேலையும் கிடையாது. மூன்றாம் வகுப்பிலிருந்து இங்கேயே படித்த பிள்ளையாக இருந்தும், அவன் விண்ணப்பித்த தனியார் பல்கலைக்கழகம் ஒன்று அவனை வெளிநாட்டு மாணவர் பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியலில் இருப்பவர் நிதியுதவி கேட்டால், கேட்டதே சேர்க்கை முடிவைப் பாதிக்கலாம் என்பதை அதன் அலுவலர் ஒளிக்காமல் சொன்னார். அந்த வெளிப்படைத்தன்மைக்கு நன்றியுடையேன். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்ற மிகச் சில இடங்களே வெளிநாட்டு மாணவர்களின் தேவையையும் பார்க்காமல் சேர்க்கை தந்து, பிறகு தேவையை முழுமையாக ஈடுசெய்கின்றன. அங்கே இடம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றையும் குறிப்பிடுகிறேன். என் இளைய மகள் டாலஸில் பிறந்தவள், அமெரிக்கக் குடிமகள். பெற்றோர் எந்த விசாவில் இருந்தாலும் அவளுக்கு ஃபாஃப்சா உரிமை உண்டு. பார்க்கப்படுவது மாணவரின் குடியுரிமை நிலை, பெற்றோருடையது அன்று. ஒரே வீட்டில் ஒரே வருமானத்தில் வளரும் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வேறு விலைகள் வரப்போகின்றன. மகனுக்கு 21 வயது நிறைந்தால் எச்-4 நிலையும் முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டுதான் நாங்கள் திட்டமிடுகிறோம்.

மாணவியின் தந்தை, இல்லினாய்:

கடிதம் வந்த பிறகும் பேச இடமுண்டு என்பதற்கு எங்கள் அனுபவம் சான்று. 2025-26க்கான ஃபாஃப்சா 2023ஆம் ஆண்டின் வரிக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. அந்த ஆண்டில் எனக்கு வேலையும் போனஸும் இருந்தன. 2025 ஜனவரியில் என் குழு முழுவதையும் நிறுவனம் கலைத்துவிட்டது. படிவம் அறிந்த குடும்பம் வேறு, அப்போது இருந்த குடும்பம் வேறு. இத்தகைய நேரத்தில் வருமானத்தைத் திருத்திக் கணக்கிடும் அதிகாரத்தைச் சட்டமே நிதியுதவி அலுவலருக்குக் கொடுத்திருக்கிறது. அவர்கள் பேச்சு வழக்கில் இதற்குப் பெயர் புரொஃபஷனல் ஜட்ஜ்மெண்ட்.

பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையின்மை உதவித் தொகைக்கான அரசுக் கடிதம், அந்த ஆண்டு முழுவதற்கும் எதிர்பார்க்கும் வருமானத்தின் ஒரு பக்கக் கணக்கு ஆகியவற்றை இணைத்து அனுப்பினோம். கடிதத்தில் கெஞ்சவுமில்லை, மகளின் பெருமைகளைப் பட்டியலிடவுமில்லை. எது மாறியது, எப்போது மாறியது, எவ்வளவு மாறியது என்பதை மட்டும் எழுதினோம். மே 1ஆம் தேதிக்குள் இடத்தை உறுதிசெய்ய வேண்டியிருந்ததால், பதில் வரும்வரை அந்தக் கெடுவை நீட்டிக்க முடியுமா என்றும் கேட்டோம். இரண்டு வாரம் கொடுத்தார்கள். தேவை அடிப்படையிலான மானியத்தில் 11,000 டாலர் கூடியது. மதிப்பெண் உதவித்தொகையில் ஒரு டாலரும் அசையவில்லை, ஏனென்றால் அது வேறு அலுவலகத்தின் கையில் இருக்கிறது.

மாணவரின் தாய், கலிஃபோர்னியா:

ஃபாஃப்சாவுக்கு மேல் சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்னும் இன்னொரு நிதியுதவிப் படிவத்தையும் கேட்கும் பல்கலைக்கழகங்களைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். ஃபாஃப்சா கட்டணமில்லாதது, காலேஜ் போர்டு நடத்தும் சிஎஸ்எஸ் படிவத்துக்கு முதல் கல்லூரிக்கு 25 டாலரும் அடுத்து ஒவ்வொன்றுக்கும் 16 டாலரும் கட்ட வேண்டும், குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு விலக்கு உண்டு. நாம் குடியிருக்கும் வீட்டின் மதிப்பை ஃபாஃப்சா கேட்பதில்லை, சிஎஸ்எஸ் கேட்கிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் பழைய விலைக்கு வீடு வாங்கியவர்களுக்கு இந்த ஒரு கேள்வியே கடிதத்தின் எண்ணை மாற்றிவிடக்கூடும். அதை எவ்வளவு கணக்கில் எடுப்பது என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடுவதால், ஒரே படிவத்துக்கு எங்களுக்கு வந்த இரண்டு பதில்களுக்கு இடையே ஆண்டுக்கு 14,000 டாலர் வேறுபாடு இருந்தது.

தஞ்சாவூர்ப் பக்கம் கணவரின் பெயரில் வாடகைக்கு விட்ட வீடு ஒன்று உண்டு. வெளிநாட்டில் இருந்தாலும் அது சொத்துதான். இரண்டு படிவங்களிலும் காட்டினோம். மறுபுறம், மாமியாரின் மருத்துவத்துக்கு மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறிக்க ஃபாஃப்சாவில் இடமே இல்லை. சிஎஸ்எஸ் படிவத்தின் சிறப்புச் சூழ்நிலைப் பகுதியில், வங்கி அனுப்பிய பரிமாற்ற ரசீதுகளைக் காட்ட ஆயத்தமாக இருப்பதாகக் குறிப்பிட்டு எழுதினோம். ஒரு பல்கலைக்கழகம் ரசீதுகளைக் கேட்டு வாங்கி மதித்தது. மற்றொன்று பதிலே எழுதவில்லை.

மாணவியின் தாய், நியூ ஜெர்சி:

எழுதிய அனைவருக்கும் நன்றி. தனிமடலில் கேட்டவர்களுக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்கிறேன். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் ஒரு டாலரும் உதவி தரவில்லை. ஆனால் அதன் முழுச் செலவே ஆண்டுக்கு 37,000 டாலர் அளவில் நின்றதால், மகள் அங்கேயே சேர்ந்தாள். தனியார் பல்கலைக்கழகம் வேண்டாம் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். அந்த மானியம் 9,500க்குப் பதில் 25,000 ஆக இருந்திருந்தால் நாங்களும் அங்கேதான் போயிருப்போம்.

பேரண்ட் பிளஸ் கடனைப் பற்றிக் கேட்ட நண்பருக்கு: 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக இந்தக் கடனை எடுக்கும் பெற்றோர் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தமாக 65,000 டாலர் என்ற வரம்புக்குள்தான் வாங்க முடியும். எனவே எங்களுக்கு வந்ததைப் போல மீதம் முழுவதையும் இந்த ஒரே கடனால் அடைத்துக் காட்டுவது இனி இயலாது. அந்த இடத்தைத் தனியார் வங்கிக் கடன்கள் நிரப்பக்கூடும் என்பதால், வட்டி நிலையானதா மாறக்கூடியதா, பெற்றோர் இணைக் கையெழுத்திட வேண்டுமா என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சங்கம் போன்ற வெளி அமைப்புகளின் உதவித்தொகையைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். அதைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்ததும் சில பல்கலைக்கழகங்கள் தம் மானியத்தில் அதே அளவைக் குறைத்துவிடுகின்றன, சில முதலில் மாணவரின் கடனைக் குறைக்கின்றன. மேரிலாந்து மாநிலம் 2017இலேயே தன் அரசுப் பல்கலைக்கழகங்களில் இப்படிக் குறைப்பதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. பிற இடங்களில், உங்கள் பல்கலைக்கழகத்தின் வழக்கம் என்ன என்பதை நிதியுதவி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை வைத்துக்கொண்ட பிறகு விண்ணப்பிப்பது நல்லது.