மறு: உறங்குநிலைக்கு மாற்றாக ஒரு சொல்

> காலராக் கிருமி குளிர்காலத்தில் உறங்குநிலைக்குப் போகிறது என்றே எழுதிவிடலாமே.

அன்புள்ள ஐயா,

உறங்குநிலை நல்ல சொல்தான், விதைக்குப் பொருந்தும். காலராவுக்கு அது வேண்டாம் என்பேன். குளிர்ந்த, இரை குறைந்த நீரில் இந்தக் கிருமி உருண்டு சிறுத்துவிடும், சாகாது. ஆனால் ஆய்வகத் தட்டில் இட்டால் வளராது. 'கிருமி இல்லை' என்று முடிவு வரும். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் 1982-இல் விளக்கியது இந்த நிலையைத்தான். ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் 'உயிருள்ள, ஆனால் வளர்க்கவியலா நிலை' என்று வரும். அது விளக்கம், சொல் அன்று.

என் பரிந்துரை: கரந்துறைநிலை.

கரத்தல் என்றால் மறைதல். வானில் கண்ணுக்குத் தெரியாத இராகு கேதுவைக் கரந்துறை கோள் என்பார்கள். ஒரு பாட்டுக்குள் இன்னொன்றை ஒளித்துவைத்தால் கரந்துறைச் செய்யுள். இரண்டிலும் பொருள் இருக்கிறது, பார்வைக்கு அகப்படவில்லை. உறக்கம் என்றால் ஆபத்து ஓய்ந்தது என்று படிப்பவர் நினைப்பார். அதுதான் என் அச்சம்.

வங்கதேசத்தைப் பாருங்கள். அங்கே கழிமுகங்களிலும் குளங்களிலும் துடுப்புக்காலிகள் என்னும் நுண்ணிய நீருயிரிகளின் மேல் இக்கிருமி ஒட்டி வாழ்கிறது. இளவேனிலில் நீர் சூடேறி மிதவையுயிரிகள் பெருகும்போது கிருமியும் தலைகாட்டும். வறண்ட மாதங்களில் ஆற்றில் நீர் குறைய, உப்புநீர் உள்ளே ஏறி அதற்கு இடங்கொடுக்கும். மழை ஓய்ந்தபின் வெள்ளம் கழிவைக் குடிநீரில் சேர்க்கும். ஆண்டில் இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், நோய் உச்சமடைவது இப்படித்தான்.

அந்நாட்டின் மத்லப் பகுதிக் கிராமப் பெண்கள் பழைய பருத்திச் சேலையைப் பலமடியாக மடித்துக் குடத்து வாயில் கட்டி நீர் வடித்தார்கள். தனிக் கிருமி அந்தத் துணியில் நுழைந்துவிடும். துடுப்புக்காலி நுழையாது, ஒட்டியிருப்பதும் அதோடு நின்றுவிடும். 2003-இல் வெளியான ஆய்வின்படி காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. புதுச்சேலையைவிடப் பழசு நல்லது, துவைத்துத் துவைத்து இழை நெருங்கியிருக்கும். கிருமி எங்கே கரந்துறைகிறது என்று தெரிந்ததால் வந்த வழி இது.

செவிலியர் கையேட்டுக்குக் 'கரந்துறை' கடினம் என்று நீங்கள் சொல்லக்கூடும். அங்கே 'மறைநிலை' போதும். ஆனால் நோய் அரும்பும் காலத்தையும் சிலர் மறைநிலை என்றே எழுதுகிறார்கள், குழப்பம் வரும். கையேட்டுக்கு வேறு எளிய சொல் தோன்றுகிறதா, ஐயா?

அன்புடன்.