திருப்பூரிலிருந்து ஸ்பானிய மொழி கற்க எந்த வழி ஏற்றது?

கேள்வி (திருப்பூர்):
பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சன்டைசராகப் பணிபுரியும் நான், ஸ்பெயின் நாட்டு வாடிக்கையாளர்களுடன் அவர்கள் மொழியிலேயே பேச விரும்புகிறேன். கோவைக்குச் சென்று சிறு வகுப்பில் சேர்வதா, தனி ஆசிரியரை அமர்த்துவதா?

பதில் (கோவை):
ஐயா, ஐந்தாறு பேர் கொண்ட வகுப்பில் தொடங்குங்கள். பிறர் செய்யும் பிழைகளும் நமக்குப் பாடமாகும். தமிழில் 'பேசுகிறேன்' என்றதும் 'நான்' விளங்குவதுபோல, ஸ்பானியத்தில் 'ஆப்லோ' (பேசுகிறேன்) என்னும் வினையின் ஈறே தன்மை ஒருமையைக் காட்டிவிடுவதால், வினைத்திரிபு நமக்கு அந்நியமன்று. ஆனால் 'இரு' என்னும் பொருளுக்கு 'செர்', 'எஸ்தார்' என இரண்டு வினைகள் உண்டு; அந்தக் குழப்பத்தை எனக்குத் தீர்த்தவர் தனி ஆசிரியரே.

பதில் (ஈரோடு):
தனிப்பயிற்சியோடு நின்றுவிடாதீர்கள். ஆசிரியர் நம் உச்சரிப்புக்குப் பழகிவிடுவார். 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் 'நாய்' என்னும் நுட்பம், புதியவர்களுடன் பேசும் உரையாடல் குழுவில்தான் எனக்கு நாவில் படிந்தது. சான்றிதழ் வேண்டுமெனில், ஸ்பானிய மொழியைப் பரப்பும் ஸ்பெயின் அரசு அமைப்பான செர்வாந்தஸ் நிறுவனத்தின் 'தேலே' என்னும் மொழித்திறன் தேர்வு, தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரை ஆறு நிலைகளில் உள்ளது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வகுப்பில் சேர்ந்துவிட்டு, பிறகு குழுவைத் தேடுகிறேன்.