பிஷெட் போனால் மிச்சக் காசு எவ்வளவு? ப்ளூ ஜேஸ் 2026 கவலைகள்

நீலச்செட்டை:
2025 உலகத் தொடரில (மேஜர் லீக் பேஸ்போல் இறுதித் தொடர்) ரொறன்ரோ ப்ளூ ஜேஸ் ஏழாவது ஆட்டத்தைத் தோத்தது போகட்டும். இப்ப நவம்பர், இனி வாறதுதான் கவலை. பிஷெட்டுக்கு 22.025 மில்லியன் டொலர் குவாலிஃபையிங் ஒஃபர் (ஒப்பந்தம் முடிஞ்சவரை இன்னும் ஒரு வருசம் வச்சிருக்கக் குடுக்கிற குறிச்ச தொகை) குடுத்திருக்கினம். நவம்பர் 18க்குள்ள பதில் சொல்லவேணும், வேண்டாம் எண்டுதான் சொல்லுவார். .311 சராசரியில அடிச்ச 27 வயசு ஷோர்ட்ஸ்டொப் (இரண்டாம், மூண்டாம் பேஸுக்கு இடையில நிக்கிறவர்) ஒரு வருசக் காசுக்கு ஏன் நிக்கப்போறார்? பந்து எறியிற ஷேர்சர், பசிட் ரெண்டு பேரின்ர ஒப்பந்தங்களும் முடிஞ்சுது. இன்னொரு எறிவாளர் பீபர் மட்டும் தன்ர 16 மில்லியன் ஒப்ஷனை (விரும்பினால் இன்னொரு வருசம் நிக்கிற உரிமை) எடுத்துக்கொண்டு நிக்கிறார், அது ஒருத்தரும் எதிர்பாராத நல்ல சேதி.

மூண்டு பேரின்ர காசும் கைக்கு வருதுதானே, பிறகேன் எல்லாரும் கை கட்டுப்பட்டிருக்கு எண்டு கதைக்கினம்? பிஷெட் போனால் நட்டஈடா நல்ல ட்ராஃப்ட் (புதுப் பொடியங்களை அணிகள் முறை வச்சுத் தெரியிறது) இடம் ஏதும் கிடைக்குமா? ஹிமேனெஸை ஷோர்ட்ஸ்டொப்பிலயும் கிளமென்டை இரண்டாம் பேஸிலயும் விட்டால் காணுமா?

கணக்குப்பிள்ளை:
நீங்கள் கூட்டினது சரி, கழிக்கேல்ல.

லக்சரி டக்ஸுக்கு (சம்பளக் கணக்கு எல்லையைத் தாண்டினால் அணி கட்டிற வரி) அந்தந்த வருசச் சம்பளத்தைப் பாக்கிறேல்ல. ஒப்பந்தத்தின்ர மொத்தத்தை வருசங்களால பிரிச்சு வாற சராசரிதான் கணக்கு. அப்பிடிப் பாத்தால் பசிட் 21, ஷேர்சர் 15.5, பிஷெட் 11.2, ஆக 47.7 மில்லியன் வெளிய போகுது. இனி ஏறுறதைப் பாருங்கோ. விளாடி கெரேரோவின்ர 14 வருச 500 மில்லியன் ஒப்பந்தம் 2026இலதான் தொடங்குது, சராசரி 35.7. இந்த வருசம் அவருக்கு 28.5. கேர்க்கின்ர 5 வருச 58 மில்லியனும் 2026இல தொடக்கம், 4.6 இருந்த இடத்தில 11.6. இந்த ரெண்டு பேரிலயே 14.2 போட்டுது, மிச்சம் 33.5. பீபர் இந்த வருசம் கடைசி ரெண்டு மாசத்துக்குத்தான் எங்கட கணக்கில இருந்தவர், வாற வருசம் முழுசா ஏறுவார். வார்ஷோ மாதிரி ஆர்பிட்ரேஷனில (சம்பளத்தில ஒத்துவராட்டி நடுவர் தீர்க்கிற நிலை) நிக்கிற ஆக்களுக்குக் கூட்டிக் குடுக்கிறதும் இதுக்குள்ளதான் வரவேணும்.

2026க்கு எல்லை 244 மில்லியன். 2025இலயும் தாண்டினபடியால் அடுத்தது இரண்டாம் தரம், வரி 30 வீதம். 264க்கு மேல போற பகுதிக்கு இன்னும் 12 சேர்ந்து 42 வீதம். அந்தப் படியில நிக்கேக்க 20 மில்லியனுக்கு ஒருத்தரை எடுத்தால் கையால போறது 28.4. 284ஐத் தாண்டினால் வீதம் இன்னும் கூடும், முதல் ட்ராஃப்ட் இடமும் 10 இடம் பின்னுக்குப் போகும். சன்டாண்டருக்குச் செய்த மாதிரி ஒரு பங்கு காசைப் பிந்திக் குடுக்கிறதா எழுதினால் சராசரி குறையும், ஆனால் அதுக்கு விளையாடுறவர் சம்மதிக்கவேணும். அணியின்ர சொந்தக்காரரான றோஜர்ஸ் கட்டாது எண்டு நான் சொல்லேல்ல. ஆருக்காகக் கட்டுறது எண்டுதான் பாக்கவேணும்.

மூன்றாம் பேஸ்:
நட்டஈட்டை நம்பி இருக்காதேங்கோ. வரி எல்லையைத் தாண்டின அணிக்குக் கிடைக்கிறது நாலாம் சுற்று முடிஞ்சாப் பிறகு ஒரு இடம். பிஷெட்டுக்கு ஈடு எண்டு சொல்ல வெக்கமான இடம். அதே நேரம் இதே ஒஃபரை வேண்டாம் எண்ட வேற அணிக்காரரை, உதாரணத்துக்கு டிலன் சீஸையோ ஃபிரம்பர் வல்டெஸையோ, நாங்கள் எடுத்தால் எங்கட இரண்டாவது, ஐந்தாவது உயர்ந்த ட்ராஃப்ட் இடங்கள் போகும். வெளிநாட்டுப் பொடியங்களை எடுக்க ஒதுக்கின காசிலயும் 1 மில்லியன் வெட்டு. ஷேர்சர், பசிட்டுக்கு ஒஃபர் குடுக்கேல்ல, அவையைத் திருப்பி எடுத்தால் இந்தத் தண்டனை ஒண்டும் இல்லை.

ஹிமேனெஸ் விசயத்தில எனக்குப் பயம் இல்லை. இரண்டாம் பேஸில 2022 தொடக்கம் தொடர்ந்து மூண்டு கோல்ட் குளவ் (சிறந்த களத்தடுப்பு விருது) எடுத்தவர். செப்டம்பரில பிஷெட்டின்ர முழங்கால் போனாப் பிறகு ஷோர்ட்ஸ்டொப்பில அவர் நிண்டதைப் பாத்தனீங்கள்தானே. பிஷெட்டை விட இடத்துக்கு இடம் கூட ஓடிப் பிடிப்பார். துடுப்புத்தான் இடிக்குது, இந்த வருசம் .210. ப்ளேஓஃபில (பருவம் முடிஞ்சு நடக்கிற வெளியேற்றச் சுற்றுகளில) 30 ஹிட் அடிச்சுச் சாதனை வச்ச கிளமென்டும் ஹோம் ரன்காரர் இல்லை. 94 ஓட்டம் உள்ளுக்குக் கொண்டுவந்த ஒருத்தர் போனால் அந்த அடியை வெளிக்களத்திலயோ மூண்டாம் பேஸிலயோதான் தேடவேணும். அதுக்காக ஹிமேனெஸை இரண்டாம் பேஸுக்குத் திருப்பி அனுப்பிப்போட்டு பிஷெட்டை ஏழெட்டு வருசம் ஷோர்ட்ஸ்டொப்பில வச்சிருக்கிறது எனக்குச் சரியாப் படேல்ல. எடுத்தாலும் இரண்டாம் பேஸ்காரராத்தான் எடுக்கவேணும். உலகத் தொடரில அவர் நிண்டதும் அங்கதான்.

புல்பென் வாசல்:
எல்லாரும் துடுப்பைக் கதைக்கிறியள். பசிட் இந்த வருசம் எறிஞ்சது 170.1 இன்னிங்ஸ், ஷேர்சர் 85. ஒரு பருவத்துக்கு வேண்டியது கிட்டத்தட்ட 1,450. அதில 255 ஒரே அடியாய்ப் போகுது. மிஞ்சிறது கௌஸ்மன் (193 எறிஞ்சவர், 2026 கடைசி வருசம்), ஏழே ஏழு ஆட்டம் தொடங்கின பீபர், முழங்கையோட பருவத்தை முடிச்ச பெரியோஸ், லவர், யெசவிஜ். பேருக்கு ஐஞ்சு பேர் இருக்கினம். ஆனால் ஜூலையில எத்தனை பேர் மிஞ்சுவினம்?

புல்பென்னில (ஆட்டத்தின்ர நடுவில இறங்கிற எறிவாளர்மார்) ஹொஃப்மன் 33 சேவ் (முன்னுக்கு நிக்கிற ஆட்டத்தைக் கடைசியில காப்பாத்திறது) எடுத்தவர், 68 இன்னிங்ஸில 15 ஹோம் ரன்னும் குடுத்தவர். ஏழாவது ஆட்டத்தில மிகெல் றோஹாஸ் அவரிட்ட அடிச்ச ஹோம் ரன் திடீரெண்டு வந்ததில்லை. வார்லண்டை ப்ளேஓஃபில 15 தரம் இறக்கினதே வேற ஆளை நம்பேலாமல்தான்.

நீலச்செட்டை:
யெசவிஜ் 200 இன்னிங்ஸ் எறிவார் எண்டு நினைக்கிறது பிழையோ? உலகத் தொடரின்ர ஐந்தாவது ஆட்டத்தில 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிப்போட்டு ஒரு வோக்கும் குடுக்கேல்லையே.

புல்பென் வாசல்:
பிழைதான். மைனர், மேஜர், ப்ளேஓஃப் எல்லாம் சேர்த்து இந்த வருசம் சுமார் 140. இதில இருந்து ஒரேயடியாய் 200க்கு ஏத்துறது தோளுக்கும் முழங்கைக்கும் ஆகாது. 160 வரை வைக்கலாம், இடையில ஒண்டிரண்டு சுற்று விடவேணும். அந்தச் சுற்றுகளுக்கு ஆறாம் ஆள் வேணும், அவரிட்ட மைனர் ஒப்ஷன் (மற்ற அணிகளுக்குக் காட்டாமல் கீழ் லீக்குக்கு அனுப்பிற வாய்ப்பு) மிஞ்சியிருக்கவும் வேணும். இல்லாட்டி கீழ அனுப்பேக்க வேவரில (மற்ற அணிகள் எடுக்கலாம் எண்டு விடுறது) வேற அணி தூக்கிப்போடும்.

கணக்குப்பிள்ளை:
இன்னொண்டையும் ஒருத்தரும் சொல்லேல்ல. உலகத் தொடர் முடிஞ்சு ஐஞ்சு நாளில 60 நாள் காயப் பட்டியல் இல்லாமல் போகும். அதில இருந்தவை எல்லாரும் 40 பேர் பட்டியலுக்குள்ள திரும்பி வருவினம். யிமி கார்சியா ஒரு இடம். பொஸ்டனிட்ட இருந்து ரூல் 5இல (மற்ற அணி 40 பேருக்குள்ள போடாமல் விட்டவரைத் தூக்கிற ட்ராஃப்ட்) எடுத்த ஏஞ்சல் பஸ்டார்டோ இன்னொரு இடம். அவர் முழு வருசமும் காயம், ஒரு நாளும் அணியில நிக்கேல்ல. ரூல் 5 ஆள் குறைஞ்சது 90 நாள் அணியில இருந்தால்தான் கட்டுப்பாடு போகும். ஆனபடியால் 2026இலயும் அவரை 26 பேருக்குள்ள வச்சிருக்கவேணும், இல்லாட்டி வேவரில விட்டுப்போட்டு பொஸ்டனுக்கு 50,000 டொலருக்குத் திருப்பிக் குடுக்கிறம் எண்டு கேக்கவேணும். ரூல் 5இல போகாமல் எங்கட சொந்தப் பொடியங்களைப் பட்டியலில போடுறதுக்குக் கடைசி நாளும் நவம்பர் 18தான். ஆர்பிட்ரேஷன்காரரை வச்சிருக்கிறதோ விடுறதோ எண்ட முடிவு 21ஆம் திகதி. பிஷெட்டின்ர பதிலைவிட இந்த ரெண்டு நாளிலயும் ஆரை வெட்டுறாங்கள் எண்டதைப் பாருங்கோ.