வலிக்கு ஒட்டும் கோயோ பிளாஸ்டரின் பசை டிரையரில் உருகித் துணியெல்லாம் ஒட்டிக்கொண்டது, என்ன செய்யலாம்?

லயத்துவீடு:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். இங்கே விடாத மழை, கொடியில் போட்டது எதுவும் காயவில்லை, அதனால் கூடைத் துணியை அப்படியே டவுனில் இருக்கிற காசு போடும் டோபி கடைக்குத் தூக்கிப் போய்த் துவைத்து டிரையரிலும் போட்டாயிற்று. மாமியாருக்கு இடுப்பு வலி, தினமும் கோயோ ஒட்டுவார். அதில் ஒன்று அவருடைய சட்டையின் உள்பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு மெஷினுக்குள் போயிருக்கிறது. சூட்டில் பசை உருகி, மகனின் வெள்ளைப் பள்ளிச் சட்டைகள், மகளின் நீல பினஃபோர், வீட்டுக்காரரின் வேலைக் காற்சட்டை, என் பஞ்சாபி சூட்டின் பளபளப்பான துப்பட்டா, எல்லாவற்றிலும் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. சோப்புத் தூள் போட்டு வெந்நீரில் ஊறவைத்தேன், அசையவே இல்லை, தொட்டால் விரல் ஒட்டுகிறது. திங்கட்கிழமை பள்ளி இருக்கிறது, புதுச் சட்டை வாங்கவும் இப்போது கையில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைச்சட்டை:
வெள்ளைத் துணிதானே, குளோரோக்ஸ் பிளீச்சில் ஊறப்போடுங்கள், போய்விடும்.

செம்பனைக்காரன்:
அக்கா, குளோரோக்ஸ் வேண்டாம். அது நிறத்தைத்தான் வெளுக்கும், பசையைக் கரைக்காது, பாலியெஸ்டர் கலந்த பள்ளிச் சட்டை சில நேரம் மஞ்சளாகவும் போகும். வெந்நீரும் சோப்புத் தூளும் வேலை செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரி பிளாஸ்டர்களின் பசை பெரும்பாலும் ரப்பர் சேர்ந்தது, தண்ணீரில் கரையாது. எண்ணெய் சாதிதான் அதை இளக்கும்.

முதலில் எதையும் அயர்ன் பண்ணாதீர்கள், டிரையரில் மறுபடி போடாதீர்கள், சூடு பட்டால் பசை நூலுக்குள் இன்னும் இறங்கிவிடும். சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பசை உள்ள பக்கம் மேலே இருக்கிற மாதிரி மடித்து, ஃப்ரீசரில் ஓரிரண்டு மணி நேரம் வையுங்கள். எடுத்ததும் அது இளகுவதற்குள் பழைய வங்கி அட்டையாலோ கரண்டி விளிம்பாலோ சுரண்டினால் மேலே தடிப்பாக இருப்பது உதிரும். கத்தி வேண்டாம், நூல் அறுந்துவிடும்.

மிச்சம் இருக்கும் மெல்லிய படலத்துக்குச் சமையல் எண்ணெய் போதும், அந்த 2 ரிங்கிட் 50 சென் பாக்கெட் எண்ணெயே போதும். பின்பக்கத்திலிருந்து ஒரு பழைய துணியால் தொட்டு வையுங்கள், கால் மணி நேரம் ஊறட்டும், பசை கூழாகிவிடும், அதை வழித்தெடுத்து, பாத்திரம் கழுவும் திரவ சோப்பைத் தண்ணீர் கலக்காமல் அந்த இடத்தில் ஊற்றி விரலால் தேயுங்கள். முக்கியமாக எண்ணெய் முழுசாகப் போகும்வரை அலசுங்கள். எண்ணெய் தங்கிய துணியை டிரையரில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், வெளிநாட்டில் டோபி கடைகளே இதனால் எரிந்திருக்கின்றன. நிழலில் காயவைத்து, காய்ந்தபின் தொட்டுப் பாருங்கள், ஒட்டினால் மறுபடி அதே வேலை.

துப்பட்டா விஷயத்தில் ஜாக்கிரதை. பளபளப்பான துணி அசிடேட்டாக இருந்தால் நகப்பூச்சு நீக்கி அதைக் கரைத்துவிடும், யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். முந்தானை ஓரத்தில் சோதித்துவிட்டு எண்ணெய் மட்டும் வையுங்கள்.

ஒட்டுப்பால்:
மகளே, நான் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவள், இப்போது எங்கு பார்த்தாலும் பாமாயில் தரும் செம்பனைதான். ரப்பர் துணியில் ஒட்டுவது எங்களுக்குப் புதிதல்ல. மரத்தில் கட்டியிருக்கும் மங்கு என்ற கிண்ணத்திலிருந்து வாளிக்குப் பால் ஊற்றும்போது பாவாடையில் சிந்தும். ஈரமாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் அலசினால் போய்விடும், அதற்குள் இருப்பது பாதிக்கு மேல் தண்ணீர்தானே. காய்ந்துவிட்டால் முடிந்தது கதை. சிலபேர் புளியும் எலுமிச்சையும் தேய்ப்பார்கள், அது தப்பு, புளிப்பு பட்டால் பால் இன்னும் சீக்கிரம் உறையும், தோட்டத்து ஸ்டோரில் ஆசிட் ஊற்றிப் பாலை உறையவைப்பது அதற்காகத்தானே! காய்ந்ததை எடுக்க எங்களுக்கு மண்ணெண்ணெய்தான். துணியில் நனைத்து ஒற்றி எடுப்போம், பசை உருண்டு வரும், அப்புறம் பார் சோப்பு போட்டு வெளுப்போம். உன் வீட்டுக்காரர் காற்சட்டைக்கு அது போதும், பள்ளிச் சட்டைக்கு வேண்டாம், நாற்றம் போக நாளாகும், பிள்ளைகளின் தோலுக்கும் ஆகாது. அடுப்பு பக்கத்தில் வைத்துச் செய்யாதே, வெளியே செய். மெஷினிலும் போடாதே, கையால் துவை.

டோபிக்கடைப்பையன்:
செம்பனைக்காரன் தம்பி சொன்ன சமையல் எண்ணெய் முறைதான் நானும் சொல்வேன். கூடுதலாக, வீட்டில் யூகலிப்டஸ் எண்ணெய் இருந்தால் வெள்ளைச் சட்டைக்கு அதைக் கொஞ்சமாகத் தொட்டுப் பாருங்கள், ஸ்டிக்கர் பசையெல்லாம் நன்றாக விடும், சமையல் எண்ணெய் அளவுக்குக் கறை தங்காது. நான் வேலை பார்த்த கடையில் டிரையர் தொட்டிக்குள் இப்படிப் பசை ஒட்டினால், மெஷின் ஆறிய பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, கதவைத் திறந்துவைத்து ஆவி போனதும்தான் இயக்குவோம். நீங்கள் துணி போட்ட மெஷினைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது, அடுத்து வருகிறவர் துணி பாவம்.

லயத்துவீடு:
எல்லாருக்கும் நன்றி. மகனின் சட்டை இரண்டும் சுத்தமாகிவிட்டன. பினஃபோரில் பசை போயிற்று, ஆனால் எண்ணெய் வட்டம் தெரிகிறது, அதற்கு என்ன செய்வது? துப்பட்டாவை இன்னும் தொடவில்லை, பயம்தான். கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவர் சிரித்தார், மாதத்துக்கு ஒருவர் கோயோவோடு வருகிறார்களாம்.

செம்பனைக்காரன்:
அக்கா, எண்ணெய் வட்டத்துக்கு முகப்பவுடர் தூவி இரவு முழுக்க வையுங்கள், காலையில் தட்டிவிட்டு மறுபடி பாத்திர சோப்பு. பினஃபோரைக் கசக்கித் தேய்க்காதீர்கள், வெளுத்துவிடும். மாமியாரின் சட்டைகளைத் துவைக்கும் முன் உள்பக்கம் திருப்பிப் பார்க்க மகனைப் பழக்கிவிடுங்கள், என் வீட்டில் அந்த வேலை என்னுடையது.