ஒரே ஊரில் ஐந்து நாள்: பிள்ளைகளோடு போன நாகர்கோவில் பயணம்

சென்னையிலிருந்து, இரண்டு பிள்ளைகளின் அம்மா:

இரண்டு வருடத்துக்கு முன்னால் மூன்று நாளில் ஆறு இடம் காட்டும் வேன் சுற்றுலா ஒன்றில் போனோம். இருபத்தெட்டாயிரம் ரூபாய் ஆனது. பையன் அப்போது இரண்டு வயது. வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தான். ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம்தான், அப்புறம் 'ஏறுங்க, ஏறுங்க'. வீட்டுக்கு வந்ததும் மகளிடம் என்ன பிடித்தது என்று கேட்டேன். டீக்கடை வாசலில் பார்த்த நாய்க்குட்டி என்றாள். அன்று மனது கஷ்டமாகிவிட்டது. பணம் போனதைவிட, பிள்ளைகளை மூன்று நாள் விரட்டிக்கொண்டே இருந்தேனே என்பதுதான் உறுத்தியது.

அதனால் 2025 மே மாதம் வேறு மாதிரி யோசித்தோம். சுற்றுலாத் தலத்தில் தங்காமல், பக்கத்தில் மக்கள் அன்றாடம் வாழும் ஊரில் ஒரே அறை எடுப்பது. பெட்டியை ஒரே தடவை பிரிப்பது. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு நாளைக்கு ஓர் இடம் மட்டும் போய்வருவது. கன்னியாகுமரிக்குப் பதில் நாகர்கோவிலைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான்.

ரயிலுக்கு அறுபது நாள் முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. திறந்த அன்று காலையிலேயே போட்டுவிட்டோம். ஐந்து வயது நிரம்பாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால், படுக்கை வேண்டுமானால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணம். பையனுக்கு நான்கு, மகளுக்கு எட்டு. ஆக மூன்று படுக்கை. கீழ்ப் படுக்கையில் பையன் என்னோடு படுத்துக்கொண்டான். போக வர ஸ்லீப்பரில் ஏறக்குறைய 2,500 ரூபாய். வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஏசி இல்லாத அறை, நாளுக்கு 1,100.

டவுன் பஸ்தான் எங்களுக்குப் பெரிய உதவி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எனக்கும் மகளுக்கும் இலவச டிக்கெட். பையன் ஐந்து வயதுக்குள் என்பதால் அவனுக்கும் இல்லை. நாலு பேர் போனாலும் என் கணவர் ஒருவருக்குத்தான் டிக்கெட் எடுத்தோம்.

முதல் நாளே ஒரு தவறு நடந்தது. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை போய்விட்டோம். அன்று விடுமுறை. இருப்பது தமிழ்நாட்டில் என்றாலும் அந்த அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு. திங்கள் மூடியிருக்கும் என்பதை முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். பையன் அழுதான். தக்கலையில் இறங்கி மட்டிப் பழம் வாங்கினோம். விரல் நீளம்கூட இல்லாத சின்ன வாழைப்பழம், நல்ல மணம். அந்தப் பக்கம் கைக்குழந்தைக்கு முதன்முதலாக ஊட்டுவது இதைத்தான் என்று கடைக்கார அம்மா சொன்னார். பையன் நாலு பழம் சாப்பிட்டான், அழுகையும் நின்றது.

புதன்கிழமை மறுபடி போனோம். அவசரமே இல்லாததால் அரை நாள் முழுக்க அங்கேயே இருந்தோம். பெரிய அன்னதானக் கூடம், ஊறுகாய் போட்டு வைத்த ஆளுயரச் சீனச் சாடிகள், கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்புத் தரை. தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்று வழிகாட்டி சொன்னதும், மகள் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். எத்தனை முட்டை ஆகியிருக்கும் என்று வழி முழுக்க கேட்டுக்கொண்டே வந்தாள். வேன் சுற்றுலாவில் அப்படி ஒரு கேள்வி அவள் வாயிலிருந்து வரவே இல்லை.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு ஒரு நாள். 1966-ல் கட்டியது, 115 அடி உயரம். பறளியாற்றுக்கு மேலே தண்ணீரைத் தொட்டியில் கொண்டுபோகிறார்கள். கீழே ஆறு, தலைக்கு மேலே இன்னோர் ஆறு. பையனைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன், சின்னப் பிள்ளை இருப்பவர்கள் கவனம்.

கன்னியாகுமரிக்குக் காலை முதல் பஸ்ஸிலேயே போய், படகுத்துறை திறக்கும் முன் வரிசையில் நின்றோம். 2024 டிசம்பர் இறுதியில் கண்ணாடிப் பாலம் திறந்துவிட்டதால், விவேகானந்தர் பாறையிலிருந்து திருவள்ளுவர் சிலைக்கு நடந்தே போகலாம். முன்பெல்லாம் கடல் சரியில்லை என்றால் சிலைக்குப் படகு விடமாட்டார்கள். பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் அறைக்குத் திரும்பி, பிள்ளைகளைத் தூங்க வைத்தோம். அந்த மத்தியானத் தூக்கம் இல்லாமல் எந்த நாளையும் நான் திட்டமிடவில்லை.

எல்லாம் சேர்த்து பன்னிரண்டாயிரத்தைத் தாண்டவில்லை.

திருச்சியிலிருந்து, ஒரு அப்பா:

அக்கா, ஊட்டி போக நினைப்பவர்களுக்காக எங்கள் அனுபவம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை மலை ரயிலில் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. 46 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். சீசனில் டிக்கெட் கிடைக்கவே இல்லை. அதனால் அரசுப் பேருந்தில் குன்னூர் வரை போய், அங்கிருந்து ஊட்டிக்கு அதே ரயிலில் ஏறினோம். பல் வைத்த நடுத் தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் பிடித்து ஏறும் செங்குத்துப் பகுதி கல்லாறு முதல் குன்னூர் வரைதான், அதைப் பார்க்க முடியாதது பெரியவனுக்கு வருத்தம். ஆனால் சின்னவளுக்கு அந்த ஒரு மணி நேரப் பயணமே போதும் என்றிருந்தது. சொந்த வண்டி, வாடகை வண்டி என்றால் இ-பாஸ், அதாவது இணையத்தில் வாங்கும் நுழைவு அனுமதி, எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் அந்தக் கவலை இல்லை.

மதுரையிலிருந்து:

எனக்கு வெளியூர் போக லீவும் இல்லை, பணமும் இல்லை. தனியாகப் பிள்ளையை வளர்க்கிறேன். அதனால் நாலு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். கீழடி அருங்காட்சியகம் ஒரு வாரம். பஸ், புளிசாதம், தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். அங்கே பானை ஓட்டில் கீறிய எழுத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து உடைந்த பூந்தொட்டி ஓட்டில் ஆணியால் தன் பெயரைக் கீறினான். இன்னொரு வாரம் காந்தி அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் கிடையாது. நாங்கள் சுற்றுலா போகவே இல்லை என்று அவனுக்குத் தோன்றவில்லை. பள்ளி திறந்ததும் லீவுக்கு எங்கே போனாய் என்று கேட்டதற்கு நாலு ஊர் சொல்லியிருக்கிறான்.

சென்னையிலிருந்து, மறுபடியும்:

மதுரை தோழி, உங்கள் பையன் எழுதிய அந்த ஓட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். டிசம்பர் லீவில் நாங்கள் மதுரையில் தங்கலாம் என்று இருக்கிறோம். பெரியார் பேருந்து நிலையம் பக்கம் அறை எடுத்தால் கீழடிக்கு பஸ் வசதி எப்படி, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினால் நல்லது? எழுதுங்கள்.